கடைக்கும் வீட்டுக்கும் ஒரு கார்ட்லெஸ் டிரில்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சுவரில் ஒரு துளை போடுவது சிறிய வேலைதான். ஆனால் அந்தச் சிறிய வேலைக்காக நமது கடைகளில் எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பதை வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிவர். புதிதாக ஒரு கம்பெனியின் சரக்கு இறங்கினால் அதற்கு ஒரு தட்டு அடிக்க வேண்டும். கேமரா மாட்ட வேண்டும், விலைப் பலகை மாட்ட வேண்டும், கழன்று தொங்கும் கதவுக் கீலை முடுக்க வேண்டும். ஆள் கூப்பிட்டால் "நாளைக்கு வருகிறேன்" என்பார். அந்த நாளை ஒரு வாரமாகும். வீட்டு வேலையோ அடுத்த பண்டிகை வரை அப்படியே கிடக்கும்.

இந்தத் தொல்லைக்கு விடையாக, ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் டிரில் இன்று எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் தொங்குகிறது. நம்மவர்களும் வாங்குகிறார்கள். ஆனால் எப்படி வாங்குகிறார்கள்? துவரம் பருப்பு மூட்டை இறங்கினால் குத்தூசி போட்டு, கையில் எடுத்து, கடித்துப் பார்த்து விலை பேசும் நாம், மெஷின் என்று வந்துவிட்டால் பெட்டியின் மேலுள்ள படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

தவறான மெஷின் வாங்கினால் பணம்தானே போகும் என்று எண்ண வேண்டாம். சரியாகப் பிடிக்காத பிளக்கில் நிற்கும் எண்ணெய்த் தட்டு வாடிக்கையாளர் தலைமேல் விழலாம். சுவருக்குள் மறைந்திருக்கும் மின்கம்பியில் பிட் இறங்கலாம். இரவில் பூட்டிய கடைக்குள் மட்டமான பேட்டரி தீப்பிடிக்கலாம். எனவே இதைப் பற்றி நாம் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வந்த வழி

மின்சாரத்தில் ஓடும் கைத்துளைப்பான் 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தால் செய்யப்பட்டது. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் பேட்டரியில் ஓடும் டிரில்லைக் கொண்டுவந்தது. 1971இல் அப்போலோ 15 விண்கலத்தில் சென்றவர்கள் நிலவின் தரையைத் துளைத்து மண் எடுத்ததும் பேட்டரி டிரில் கொண்டுதான்.

ஆனாலும் அக்காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிகள் எடை மிகுந்தவை. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005ஆம் ஆண்டையொட்டி அது பெரிய டிரில்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்த பேட்டரியை உருவாக்கிய மூன்று அறிவியலாளர்களுக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நாம் ஒரு கையால் தூக்கி வேலை செய்யும் அளவுக்கு டிரில் எடை குறைந்ததற்கு இந்த பேட்டரிதான் முக்கியக் காரணம்.

முதல் கேள்வி: கார்ட்லெஸ் தேவைதானா?

இந்தக் கேள்வியை விற்பவர் கேட்க மாட்டார். வாங்கும் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. உபயோகித்தாலும் அதற்கு வயதாகும், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் வயதாகும். ஆண்டுக்கு நான்கு துளை போட்டுவிட்டுப் பரணில் தூக்கி வைப்பவருக்கு, சில ஆண்டுகள் கழித்து எடுக்கும்போது மெஷின் புதிதாக இருக்கும், பேட்டரி செத்திருக்கும். அப்படிப்பட்டவர் 500 அல்லது 600 வாட் சக்தியுள்ள, 13 மில்லிமீட்டர் சக் கொண்ட ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில் வாங்குவதே லாபம். விலையும் குறைவு, கான்கிரீட்டிலும் நன்றாக இறங்கும். பிளக்கைச் செருகினால் எத்தனை வருடம் கழித்தும் ஓடும்.

மாதத்தில் நான்கைந்து தடவையாவது ஸ்க்ரூ முடுக்குவது, கழற்றுவது, மரத்திலும் தகரத்திலும் துளையிடுவது என்று வேலை உள்ளவர்களுக்குத்தான் கார்ட்லெஸ் பொருந்தும். பிளக் பாயின்ட் இல்லாத குடோன், மின்தடை நேரம், ஏணியின் உச்சி ஆகிய மூன்று இடங்களிலும் இதற்கு ஈடில்லை. ஒயர் காலில் சிக்கி விழும் ஆபத்தும் இல்லை.

பெட்டியின் மேலுள்ள எண்களைப் படிப்பது எப்படி?

முதலில் வோல்ட். ஒரு லித்தியம் செல்லின் நடைமுறை அழுத்தம் 3.6 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை ஏறும். மூன்று செல்களை வரிசையாகச் சேர்த்தால் 10.8 வோல்ட். அதையே முழு சார்ஜ் கணக்கில் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். ஐந்து செல்களைச் சேர்த்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லை ஒரு கம்பெனி 18 என்று எழுதும், இன்னொன்று 20 என்று எழுதும், வேறொன்று 21 என்று எழுதும். மூன்றும் ஒன்றே. ஒரே அரிசிக்கு மூன்று பையில் மூன்று பெயர் போடுவதைப் போன்றதுதான் இது. 20 என்பதற்காக 18ஐ விடக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பெயர் தெரியாத சில பெட்டிகளில் 48 என்றும் 88 என்றும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 48 வோல்ட் உண்மையாக வேண்டுமானால் 13 செல்களாவது வரிசையாக இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரியில் அது எப்படி நடக்கும்? அந்த எண் சில சமயம் மாடலின் பெயர் மட்டுமே. பேட்டரியின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எதுவோ அதையே நம்ப வேண்டும்.

அடுத்தது ஆம்பியர் மணி. வோல்ட் என்பது தண்ணீர் விழும் வேகம் என்றால், ஆம்பியர் மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. இரண்டையும் பெருக்கினால் வரும் வாட் மணிதான் பேட்டரியின் உண்மையான சரக்கு. 10.8 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 21.6 வாட் மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. இரண்டு பேட்டரிகளை ஒப்பிட இந்தப் பெருக்கல் ஒன்றே போதும்.

இதிலும் கூட்டி எழுதுபவர்கள் உண்டு. டிரில் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல். அதற்கு 18650 என்று பெயர். அந்த ஒரு செல் 3.5 ஆம்பியர் மணிக்கு மேல் கொள்வது அரிது. டிரில்லுக்கு உகந்த, வேகமாக மின்சாரம் தரும் வகையோ பெரும்பாலும் 1.5 முதல் 3 வரைதான். ஆகவே இந்தச் செல் ஐந்து மட்டும் உள்ள ஒல்லியான பேட்டரியில் 8 என்றோ 10 என்றோ எழுதியிருந்தால் அது பொய்க் கணக்கு. ஒரு செல் சுமார் 45 கிராம் எடை. இரட்டை வரிசையில் 10 செல் உள்ள பேட்டரிக்குச் செல்களே அரைக் கிலோவை நெருங்கும். தராசு நம் கையில்தானே இருக்கிறது!

மூன்றாவது முறுக்கு விசை. இதை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் எழுதுவார்கள். ஸ்க்ரூவை எவ்வளவு பலமாகத் திருகும் என்பதை இது காட்டுகிறது. பொதுவாக 12 வோல்ட் வகை 20 முதல் 30 வரை, சில இன்னும் சற்று மேலே தரும். 18 வோல்ட் வகை 40 முதல் 60 வரையும் அதற்கு மேலும் தரும். நல்ல கம்பெனிகள் மென்மையான பொருளுக்கு ஒன்று, கடினமான பொருளுக்கு ஒன்று என இரண்டு எண்கள் கொடுப்பது வழக்கம். ஒரு கம்பெனியின் பெரிய எண்ணை இன்னொரு கம்பெனியின் சிறிய எண்ணோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

மெஷினின் மற்ற பாகங்கள்

பிட்டைப் பிடிக்கும் வாய்க்குச் சக் என்று பெயர். 10 மில்லிமீட்டர் சக் வீட்டு வேலைக்குத் தாராளம். 13 மில்லிமீட்டர் சக் பெரிய பிட்டுகளையும் பிடிக்கும். சாவி இல்லாமல் கையாலேயே முடுக்கும் சக் இப்போது எல்லாவற்றிலும் வருகிறது.

சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதுதான் கிளட்ச். எண் குறைவாக வைத்தால், ஸ்க்ரூ உட்கார்ந்தவுடன் "கடகட" என்று சத்தமிட்டு மெஷின் விட்டுவிடும். ஸ்க்ரூத் தலை தேயாமலும், பிளைவுட்டுக்குள் புதையாமலும் இருக்க இதுவே காவல். துளையிடும்போது மட்டும் டிரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த வளையம் இல்லாத டிரில்லை வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

மேலே உள்ள 1, 2 என்ற பொத்தான் கியர். 1 என்பது மெதுவான வேகம், அதிக பலம். ஸ்க்ரூ முடுக்க, பெரிய துளை போட. 2 என்பது விரைவான வேகம், சிறிய பிட்டுகளுக்கு. மெஷின் ஓடும்போது கியரை மாற்றினால் பற்கள் உடையும்.

மோட்டாரில் இரு வகை. கார்பன் பிரஷ் உள்ளது ஒன்று, பிரஷ்லெஸ் மற்றொன்று. கார்பன் தேயும், ஆனால் விலை குறைவு. பிரஷ்லெஸ்ஸில் தேய்வதற்குக் கார்பன் இல்லை, சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை செய்யும், விலையும் கூடுதல். தினமும் வேலை செய்யும் ஆசாரிக்குப் பிரஷ்லெஸ் அவசியம். கடைக்கும் வீட்டுக்கும் வாங்கும் நமக்குக் கார்பன் வகையே போதும். அந்த விலை வித்தியாசத்தில் இரண்டாவது பேட்டரி வாங்குவது புத்திசாலித்தனம்.

நம் சுவர் எது?

டிரில்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நம் சுவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கடைவீதிகளில் சுண்ணாம்புக் காரையும் நாட்டுச் செங்கலும் வைத்துக் கட்டிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் இம்பாக்ட் எனும் இடிக்கும் விசையைப் போட்டால் காரை உதிர்ந்து, 6 மில்லிமீட்டர் துளை 10 ஆகிவிடும், பிளக் ஆடும். சாதாரணச் சுழற்சியிலேயே மெதுவாக இறக்க வேண்டும். ஹாலோ பிளாக், எடை குறைந்த வெள்ளை பிளாக் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். அவற்றுக்கென்று தனி வகை பிளக்குகள் உள்ளன. அவற்றையே கேட்டு வாங்க வேண்டும். டைல்ஸ் மீது இம்பாக்ட் போட்டால் விரிசல்தான். மேலே ஒரு டேப் ஒட்டி, டைல்ஸ் பிட் வைத்து, மெதுவான வேகத்தில் துளைத்து, டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் இம்பாக்டுக்கு மாற்ற வேண்டும்.

சிமென்ட் கலவையில் கட்டிய செங்கல் சுவருக்கு இம்பாக்ட் வசதியுள்ள 18 வோல்ட் கார்ட்லெஸ் நன்றாக வேலை செய்யும். தூண், லிண்டல், மேல்தளம் ஆகிய கான்கிரீட்டில் ஒன்றிரண்டு துளை போடலாம். பத்துத் துளை என்றால், யானைப் பசிக்குச் சோளப்பொரி கதைதான். காரணம் இதுதான்: சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி இடிக்கின்றன, நாம் அழுத்தும் அழுத்தமே அதற்குப் பலம். ரோட்டரி ஹேமர் எனும் மெஷினில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தித் தானே இடிக்கிறது. நாம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கான்கிரீட்டுக்கு அதை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

பிட்டும் பிளக்கும்

எவ்வளவு நல்ல டிரில் வாங்கினாலும் மட்டமான பிட் போட்டால் வேலை நடக்காது. சுவர் பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு வைத்துப் பற்றவைத்திருக்கும். இரும்புக்கும் தகரத்துக்கும் ஹெச்.எஸ்.எஸ். பிட். மரத்துக்கு நடுவில் கூர்முனை உள்ள பிட். சுவர் பிட்டால் இரும்பைத் துளைக்க முடியாது. இரும்பு பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரே துளையில் மழுங்கிவிடும். 100 பிட் உள்ள மலிவுப் பெட்டியை விட, நல்ல கம்பெனியின் 6 மற்றும் 8 மில்லிமீட்டர் சுவர் பிட்டில் இரண்டிரண்டு, இரும்பு பிட்டில் ஒரு சிறிய செட், நட்சத்திர முனை ஸ்க்ரூ பிட்டில் நான்கைந்து போதும்.

6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் துளை. அதற்கு 8ஆம் நம்பர் ஸ்க்ரூ. துளையின் ஆழம் பிளக்கின் நீளத்தை விடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். துளைக்குள் உள்ள தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் பிடிப்பு இருக்காது. மேல் பூச்சின் கனத்தை ஆழத்தில் கணக்கு வைக்கக் கூடாது; பிளக் செங்கல்லில் உட்கார வேண்டும்.

தட்டில் ஏற்றும் சுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. 12 அங்குல அகலத் தட்டில், இரண்டு பிராக்கெட்டின் மேல் 40 கிலோ சரக்கு வைக்கிறோம் என்று கொள்வோம். ஒரு பிராக்கெட்டுக்கு 20 கிலோ. அந்தச் சுமை சுவரிலிருந்து சராசரியாக 6 அங்குலம் தள்ளி நிற்கிறது. பிராக்கெட்டின் கீழ் நுனிக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் 8 அங்குல தூரம் இருந்தால், மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசை 20ஐ 6ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் வரும் 15 கிலோ. அந்த தூரம் 3 அங்குலம் மட்டுமே என்றால் இழுக்கும் விசை 40 கிலோ ஆகிவிடும். ஒரே சரக்கு, ஒரே சுவர். ஆனால் ஒரு தட்டு நிற்கும், ஒரு தட்டு விழும். ஆகவே 15 கிலோ எண்ணெய் டின்களைச் சுவர்த் தட்டில் ஏற்றாமல், தரையில் கால் ஊன்றிய ராக்கில் வைத்து, ராக் சாயாமலிருக்க மட்டும் சுவரில் ஸ்க்ரூ போடுவதே பாதுகாப்பு.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பொட்டலச் சரக்கில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண் இல்லையென்றால் எடையளவுச் சட்டப்படி நம்மிடம் அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009, அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகள் ஆகியவை நமக்குப் புதியவை அல்ல. அதே கண்ணோடு டிரில் பெட்டியைப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தார் என்று எழுதியில்லையென்றால், நாளை பழுதானால் யாரிடம் போய் நிற்பது? பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு மெஷினைக் கையில் வாங்கி ஓட்டிப் பாருங்கள். டிரிக்கரை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழல வேண்டும். அழுத்த அழுத்த வேகம் கூட வேண்டும். விட்டவுடன் நிற்க வேண்டும். ஒரு நீண்ட பிட்டை மாட்டி ஓட்டினால் நுனி வட்டமடிக்கக் கூடாது. ஏணி மேல் ஒரு கையால் பிடிக்க முடியுமா என்று தூக்கிப் பாருங்கள்.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சர்வீஸ் சென்டர் நம் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் இருக்கிறதா? பேட்டரி தனியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன? பேட்டரிக்கும் வாரண்டி உண்டா, மெஷினுக்கு மட்டும்தானா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை அதிகம்தான். சில பெட்டிகளில் மெஷின் மட்டும் இருக்கும். பேட்டரியும் சார்ஜரும் தனி. விலை குறைவாகத் தெரிகிறதே என்று எடுத்துவிட வேண்டாம். ஒரு கம்பெனியின் பேட்டரி வேறு கம்பெனியின் மெஷினில் பொருந்தாது என்பதால், முதலில் வாங்கும் கம்பெனியோடுதான் பின்னால் வாங்கும் மெஷின்களுக்கும் உறவு. ஆகவே பெண் பார்ப்பது போலக் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பில் விஷயம்: கடை உபயோகத்துக்கு வாங்கினால் கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் வாங்குங்கள். முறைப்படி உள்ளீட்டு வரி வரவு எடுக்க அதுவே ஆதாரம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதற்கு வரவு எடுக்க இடமில்லை. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும் இந்த வரவு கிடையாது. எந்தப் பெயரில் இருந்தாலும் பில் இல்லாமல் வாரண்டி இல்லை.

பேட்டரியும் பூட்டிய கடையும்

நமது கடைகளில் என்ன இருக்கிறது? சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி, சாம்பிராணி. இவற்றுக்கு நடுவில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிப் போவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் பழுதாகித் தீப்பிடித்தால், அந்தத் தீ தன் சூட்டிலேயே அடுத்தடுத்த செல்லுக்குப் பரவும். எளிதில் அணையாது, அணைந்தது போலிருந்து மீண்டும் பற்றும். எனவே நாம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவை:

ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போட வேண்டும். வெறும் சிமென்ட் தரையில் அல்லது கல் மேடையில், சரக்கிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். சார்ஜ் ஏறியவுடன் எடுத்துவிட வேண்டும்.

வேலை முடித்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, ஆறவிட வேண்டும். தகரக் கூரைக்கு அடியிலும் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும் பேட்டரியை வைத்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும்.

பெட்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் வேண்டாம். பேட்டரியைச் சில்லறைக் காசு, ஆணி, ஸ்க்ரூ உள்ள கல்லாவிலோ பெட்டியிலோ தனியாகப் போட்டால் முனைகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகும்.

நெடுநாள் உபயோகிக்காவிட்டால், பாதியளவு சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். முழுதும் இறக்கியும் வைக்கக் கூடாது, முழுதும் ஏற்றியும் வைக்கக் கூடாது.

உப்பிய பேட்டரி, கீழே விழுந்து வெடித்த பேட்டரி, தண்ணீர் புகுந்த பேட்டரி ஆகியவற்றை மீண்டும் சார்ஜில் போடக் கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு அவற்றை விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

துளையிடும்போது

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிட வேண்டாம். மின்கம்பிகள் பெரும்பாலும் அந்த வழியாகவே செல்கின்றன. இரண்டு சுவிட்ச் பெட்டிகளுக்கு நடுவில் நேர்கோட்டிலும் செல்லக் கூடும். சந்தேகம் இருந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் துளையிடலாம். பேட்டரி டிரில்லில் இது ஒரு பெரிய வசதி. மின்சாரம் இல்லாமலே வேலை நடக்கும்.

பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டும், அல்லது திசை மாற்றும் பொத்தானை நடுவில் வைத்துப் பூட்ட வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, துணிக் கையுறை ஆகியவை சக்கில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி அணிவதும் மூக்கை மூடிக்கொள்வதும் அவசியம். மளிகைக் கடையில் இன்னொன்றும் உண்டு. துளையிடும் முன் திறந்திருக்கும் அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகளை மூடிவிட வேண்டும். துளைக்குக் கீழே ஒரு பழைய கவரை விரித்து ஒட்டினால் தூள் அதில் விழும். சிமென்ட் தூள் விழுந்த சர்க்கரையை எந்த வாடிக்கையாளருக்குப் போடுவது?

யாருக்கு எது?

விரலுக்கேற்ற வீக்கம் என்பதே இதில் நம் முடிவு.

ஸ்க்ரூ முடுக்குதல், கீல் மாற்றுதல், மரத்திலும் தகரத்திலும் துளையிடுதல், எப்போதாவது செங்கல் சுவரில் ஒரு துளை என்பவர்களுக்கு 12 வோல்ட், 10 மில்லிமீட்டர் சக், 2 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு. எடை குறைவு, பெண்களும் பெரியவர்களும் சுலபமாகக் கையாளலாம்.

கடை, குடோன், வீடு மூன்றுக்கும் ஒன்றே வேண்டும், சுவர்த் துளைகளும் அடிக்கடி உண்டு என்பவர்களுக்கு இம்பாக்ட் வசதியுள்ள 18 வோல்ட், 13 மில்லிமீட்டர் சக், 2 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு. கூடவே பக்கவாட்டுக் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பிட் சிக்கும்போது மணிக்கட்டு முறுகாது.

ஆண்டுக்கு நான்கு துளை போடுபவர்களுக்கு ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில்.

வாங்கும் முன் நம் கொள்முதல் கணக்கைப் போலவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெஷின், இரண்டு பேட்டரி, பிட் எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 7,500 ரூபாய் ஆகிறது, ஐந்து ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,500 ரூபாய். ஒரு தடவை ஆள் வந்து போக 300 ரூபாய் என்றால், ஆண்டுக்கு ஐந்து தடவைக்கு மேல் வேலை இருந்தால்தான் நமக்குக் கட்டுபடியாகும். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதேசமயம் மின் இணைப்பு வேலையை மட்டும் எலக்ட்ரீசியனிடமே விட்டுவிட வேண்டும். டிரில் கையில் இருப்பதால் நாம் எலக்ட்ரீசியன் ஆகிவிட மாட்டோம்.

கணக்கு கட்டுபடியாகாத சிறு கடைக்காரர்கள் வருந்த வேண்டியதில்லை. ஒரே வீதியில் உள்ள நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து உபயோகத்தில் இருப்பதால் பேட்டரியும் வீணாகாது. கான்கிரீட்டுக்கான ரோட்டரி ஹேமர் ஒன்றைக் கிளைச் சங்கங்கள் வாங்கி வைத்து, உறுப்பினர்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். தராசு முத்திரைக்கும் உரிமம் புதுப்பிக்கவும் சேர்ந்து நிற்கும் நாம், இதற்கும் சேர்ந்து நிற்பதில் தவறில்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசும்படி வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.